வீட்டுக்குள் ஒரு துண்டு வானம்

(கொழும்பு ஜிந்துப்பிட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய வீடுகளைத் திருத்துவதும் பெருப்பிப்பதும். இதுதான் இன்று எனக்குத் தந்த தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் சிலருக்கு ஓர் ஐயம் வந்திருக்கும். "பழைய வீட்டில் கை வைக்காதே" என்று உபதேசம் செய்ய ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. தாராளமாகக் கை வையுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அப்பப்பா காலத்தில் ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இன்று மூன்று குடும்பம் இருக்கிறது. மகளுக்குக் கலியாணம் முடிந்தால் ஓர் அறை வேண்டும். அம்மாவுக்கு மாடி ஏற முடியாவிட்டால் கீழே ஒரு குளியலறை வேண்டும். இரண்டு மூன்று பேர்ச் காணியில் வேறு எங்கே போவது? கூட்டிக் கட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் கேள்வி என்ன? எங்கே கூட்டுவது? எதைத் தொடாமல் கூட்டுவது? இதுதான் கேள்வி.

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓடு உடைந்தால் மாற்றலாம். முகப்பு பழுதானால் படத்தைப் பார்த்துத் திரும்பச் செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் வானம் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறதே, நடுமுற்றம் என்கிறோம், பின்முற்றம் என்கிறோம், அதை மூடிவிட்டால் அந்த வீடு முடிந்தது. பழைய வீட்டின் உயிர் அதன் முகப்பில் இல்லை, அதன் முற்றத்தில் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

முதலில் நம் தெருவைப் பார்ப்போம். மேட்டில் வுல்ஃபெண்டால் தேவாலயம். 1749-இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1757-இல் திறந்தார்கள். ஏறக்குறைய ஐந்து அடிப் பருமன் கொண்ட சுவர்கள், கபுக்கல்லும் சுண்ணாம்பும். இந்தப் பக்கம் தமிழ்ச் சபைக்காக 1815-இல் கட்டிய புனித தோமஸ் ஆலயம். நடுவே முருகன் கோயில். கொஞ்சம் நடந்தால் செட்டியார் தெரு. கோயிலையும் தேவாலயத்தையும் பார்க்க வெளியூரில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். இவற்றுக்கு இடையே தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளை யார் பார்க்கிறார்கள்? நாமே பார்ப்பதில்லை. ஏனென்றால் அவற்றுக்குள் நாம் இருக்கிறோம்!

அந்த வீட்டுக்குள் ஒருமுறை மனத்தால் நடந்து வாருங்கள். தெருவில் இருந்து படி ஏறினால் ஒடுங்கிய விறாந்தை. கதவுக்கு மேலே மரக் கிறாதி. கதவைப் பூட்டினாலும் அதன் வழியே காற்றுப் போகும். உள்ளே கூடம், பக்கத்தில் அறை. தலைக்கு மேலே உயர்ந்த கூரை. அதற்கு அப்பால் திடீரென்று வெளிச்சம். சின்னஞ்சிறு வெளி, ஒரு தண்ணீர்த் தொட்டி, துளசி, உடுப்புக் காயும் கயிறு. அதையும் தாண்டினால் குசினி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், யன்னல் வைக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? காற்று எங்கிருந்து வந்தது? அந்தச் சின்ன வெளியில் இருந்துதான். சூடேறிய காற்று அந்த வெளி வழியே மேலே போகும். அந்த இடத்தை நிரப்பத் தெருக்காற்று கிறாதி வழியே உள்ளே வரும். மின்விசிறி வருவதற்கு முன்பே அந்த வீடு தன் காற்றைத் தானே வரவழைத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இதையே செய்கிறது. காரைக்குடிச் செட்டிநாட்டு வீடும் இதையே செய்கிறது. அங்கே காணி அகலம், முற்றமும் அகலம். இங்கே காணி ஒடுக்கம், முற்றமும் ஒடுக்கம். சூத்திரம் ஒன்றுதான்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? "மழைச் சாரல் அடிக்கிறது" என்கிறோம். "கள்ளன் வருவான்" என்கிறோம். "சும்மா கிடக்கிற இடம்" என்கிறோம். உடனே அஸ்பெஸ்டஸ் சீற் போட்டு மூடுகிறோம், அல்லது கொங்கிறீற் தட்டுப் போடுகிறோம். ஓர் அறை கூடிவிட்டது என்று மகிழ்கிறோம். அடுத்த நாளில் இருந்து பகல் பன்னிரண்டு மணிக்கும் மின்விளக்கு எரிகிறது. மாரியில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. பிள்ளைக்கு இழுப்பு வருகிறது. "பழைய வீடு, அப்படித்தான்" என்கிறோம். பழைய வீடு அப்படி இருக்கவில்லை, அன்பர்களே! நாம்தான் அப்படி ஆக்கினோம்.

மூடிய வீடு என்ன செய்யும் என்பதை இந்த நகரம் ஒருமுறை அனுபவித்துப் பார்த்திருக்கிறது. 1914-ஆம் ஆண்டு கொழும்பில் பிளேக் வந்தது. எலியும் தெள்ளும் சுமந்து வந்த நோய். அரிசி மூட்டை அடுக்கிய களஞ்சியங்களும், காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளும் அதற்கு வசதி செய்து கொடுத்தன. அடுத்த ஆண்டே, 1915-இல், வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், 19-ஆம் இலக்கச் சட்டம், வந்தது. வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளி விட வேண்டும், அறைக்கு யன்னல் வேண்டும், வெளிச்சம் உள்ளே விழ வேண்டும் என்று விதிகள் வந்தன. இன்று வீட்டுப் பிளானை மாநகரசபைக்குக் கொண்டுபோனால் "பின்பக்கம் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்களே, எரிச்சல் வருகிறதே நமக்கு, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கொள்ளைநோய் இருக்கிறது. அதை மறக்கலாமா?

அந்தக் காலத்தில்தான் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் நம் பக்கம் வந்தார். பெயர் பற்றிக் கெடிஸ். படித்தது உயிரியல், பேசியது நகரங்களைப் பற்றி. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூரிலும் மதுரையிலும் தெருத்தெருவாக நடந்தார். அந்தக் காலத்துப் பொறியியலாளர்களுக்கு நெருக்கமான இடம் என்றால் ஒரே மருந்துதான்: வரைபடத்தில் நேர்கோடு போடு, கோட்டில் விழும் வீடுகளை எல்லாம் இடி, அகலத் தெரு விடு. கெடிஸ் அதை ஏற்கவில்லை. நேராக நடந்து பாருங்கள், எந்த வீடு நல்லது, எது இற்றுப்போனது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்றார். இற்றுப்போனதை மட்டும் எடுங்கள். எடுத்த இடத்தைத் திறந்த வெளியாக விடுங்கள், மரம் வையுங்கள், கிணற்றைத் துப்புரவாக்குங்கள் என்றார். மற்ற வீடுகளும் மக்களும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். 1921-இல் அதே கெடிஸ் கொழும்புக்கு வந்து இந்த நகரத்துக்கும் ஒரு திட்ட அறிக்கை தந்தார்.

நூறு ஆண்டுக்கு முன்னர் ஒரு வெளியூர்க்காரர் சொன்னதை இப்போது ஏன் சொல்கிறேன்? அவர் ஊருக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் இடிக்காதே. எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கவும் முயலாதே. ஒவ்வொன்றாகப் பார். நல்லதை வைத்துக்கொள். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு அங்கே வானத்தை விடு.

சரி, இந்த வீடுகள் ஏன் இவ்வளவு பழுதாகிக் கிடக்கின்றன? வீட்டில் இருப்பவர்களின் சோம்பலா? அப்படிச் சொல்வது அநியாயம். 1972-இல் வாடகைச் சட்டம் வந்தது. குடியிருந்தவரை இலேசில் எழுப்ப முடியாது, வாடகையும் உயராது. ஏழைக்கு அது பெரிய பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடகையில் ஓடு மாற்ற முடியுமா? சொந்தக்காரர் திருத்தவில்லை. குடியிருந்தவரும், நம்முடையது இல்லையே என்று திருத்தவில்லை. அடுத்த ஆண்டு, 1973-இல், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. ஒருவர் கையில் இருந்த வரிசை வீடுகள் பல கைகளுக்குப் போயின. கூரை ஒன்று, உறுதிகள் பல! பிறகு தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வந்தது. எரிந்த வீடுகளையும் விட்டுப் போன வீடுகளையும் பற்றி இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பி வராதவரின் வீட்டுக் கூரையில் ஆலங்கன்று முளைத்தால் யார் பிடுங்குவார்?

ஆகவே பழுது வந்ததற்கு நாம் மட்டும் காரணம் இல்லை. ஆனால் திருத்துவது நம் கையில்தான் இருக்கிறது. எப்படித் திருத்துவது? சுவரில் இருந்து தொடங்குவோம்.

இந்தப் பழைய சுவர்கள் கபுக்கல். வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். துளை நிறைந்த கல். நிலத்தில் இருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். அதனால்தான் ஆண்டுதோறும் வெள்ளை அடித்தார்கள். தைப்பொங்கலுக்கோ நத்தாருக்கோ வெள்ளை அடிப்பது வெறும் அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? சுவருக்கு அதுதான் வைத்தியம். இன்று மேசன் வருகிறார். "ஐயா, பழைய பூச்சு உதிருது, கொத்திப்போட்டுச் சீமெந்து பூசுவம்" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். நனைந்த உடம்புக்கு மேலே மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் கபுக்கல்லுக்கு மேலே சீமெந்து. ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும், உப்புப் பூக்கும், இரண்டு மூன்று மாரிக்குள் அந்தச் சீமெந்து பாளம் பாளமாக, கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். நாம் இருப்பது கடற்கரைப் பட்டினம். காற்றிலேயே உப்பு இருக்கிறது.

சுண்ணாம்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் தென்மேற்குக் கரையின் பவளக்கல்லை எரித்தார்கள். அது இன்று கூடாது, தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கடலைக் காக்கும் பாறை அது. மலைநாட்டுப் பக்கத்துக் கல்லில் இருந்து வரும் சுண்ணாம்பு கடையில் கிடைக்கிறது. அதை நீற்றி, ஊறவைத்து, மணலோடு குழைத்துப் பொறுமையாகப் பூச ஓர் ஆள் வேண்டும். பொருள் இருக்கிறது. பொறுமையான ஆளைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும்.

கூரைக்கு வருவோம். கள்ளிக்கோட்டை ஓடு என்கிறோமே, அந்த மாதிரி ஓட்டை மங்களூரில் பாசல் மிஷன்காரர் 1865-இல் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். ஒன்றோடு ஒன்று கொளுவும் ஓடு. உடைந்தால் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். இடையில் இரண்டு கண்ணாடி ஓடு வைத்தால் கீழே வெளிச்சம் விழும். அஸ்பெஸ்டஸ் சீற்றை அப்படி மாற்ற முடியுமா? அதை வெட்டினால் வரும் தூசி நெஞ்சுக்குப் புற்றுநோய் தரும் தூசி. வரிசை வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவீட்டுக்காரர் மட்டும் ஓட்டைக் கழற்றித் தட்டுப் போட்டால், ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் ஒழுகும். பீலி யாருடையது என்று சண்டை வரும். ஆகவே கூரையைத் தனியாகத் திருத்தாதீர்கள், வரிசையாகத் திருத்துங்கள். செலவும் குறையும், சண்டையும் குறையும்.

இப்போது பெரிய கேள்வி. கூட்டிக் கட்டுவது எப்படி? இந்த நகரத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொள்ளுப்பிட்டி, பகதலை வீதி, 33-ஆம் ஒழுங்கை, 11-ஆம் இலக்கம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு. அந்த ஒழுங்கையில் நான்கு சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன. மாளிகை இல்லை, சாதாரண வீடுகள். 1958-இல் அதில் ஒன்றில் பாவா குடியேறினார். பத்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக நான்கும் அவர் கைக்கு வந்தன. நான்கையும் இடித்துப் பங்களா கட்டினாரா? இல்லை. சேர்த்தார். வீதிப்பக்கத்து வீட்டை எடுத்துவிட்டு அங்கே மாத்திரம் மாடி எழுப்பினார். மற்ற மூன்றையும் நீண்ட நடையால் கோத்தார்.

அங்கே போனவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? இருட்டான நடையில் போகும்போது இடையிடையே மேலே இருந்து விழும் வெளிச்சத்தைப் பற்றி! ஆள் நிற்க மட்டும் இடம் இருக்கும் குட்டி முற்றங்கள். ஒன்றில் செடி, ஒன்றில் தண்ணீர். வீட்டைக் கூட்டக் கூட்ட வானத்தையும் கூட்டினார் அந்த மனிதர். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களையும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தத் தூண்களைப் பார்த்து நாம் பெருமைப்படலாம், கொஞ்சம் வெட்கமும் படலாம். காரைக்குடிப் பக்கத்தில் பங்கு பிரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் தூணும் கதவும் பழம்பொருள் கடைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். நாம் பழசு என்று கழித்ததை இன்னொருவர் பொன் போல வாங்குகிறார்.

"பாவா பணக்காரர், பெயர்பெற்றவர், நமக்கு முடியுமா?" முடியும். அவரிடம் இருந்து எடுக்க வேண்டியது பணத்தை இல்லை, முறையைத்தான். நம் வரிசை வீட்டுக்கு அந்த முறையை இப்படிச் சொல்லலாம்.

முதலாவது, முன்பாதியைத் தொடாதீர்கள். விறாந்தை, கிறாதி, கூடம், கூரையின் சரிவு அப்படியே இருக்கட்டும். கூட்டுவதைப் பின்பாதியில், முற்றத்துக்கு அப்பால் கூட்டுங்கள். தெருவில் நிற்பவருக்கு மாடி தெரியாதபடி உள்வாங்கிக் கட்டுங்கள்.

இரண்டாவது, கபுக்கல் சுவரின் தலையில் கொங்கிறீற் தட்டை ஏற்றாதீர்கள். ஓட்டைத் தாங்கக் கட்டிய சுவர் அது. அத்திவாரமும் ஆழமில்லை. மாடி வேண்டுமென்றால் உள்ளே தனித் தூண் நிறுத்தி, தனி அத்திவாரம் போட்டு, இரும்புச் சட்டமும் மரப்பலகையுமாகப் பாரம் குறைத்துக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்குள்ள சுவரில் துளை போட முன்னர் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, புதியது புதியதாகவே தெரியட்டும். பழைய வீட்டுக்குப் பக்கத்தில் பொய்ப் பழைமை வேண்டாம். சீமெந்தில் வார்த்த ஒல்லாந்துத் தூண் யாரை ஏமாற்ற? 1964-இல் உலகத்துக் கட்டடப் பாதுகாப்பு அறிஞர்கள் வெனிஸ் நகரில் கூடி எழுதிய சாசனமும் இதையே சொல்கிறது: கூட்டியது எது, ஆதியில் இருந்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

நான்காவது, முற்றம். மழைதான் கவலை என்றால் ஓரத் தாழ்வாரத்தை ஓரடி நீட்டுங்கள். கள்ளன்தான் கவலை என்றால் இரும்புக் கம்பி வலை போடுங்கள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அது தடையில்லை. டெங்குதான் கவலை என்றால், அது நியாயமான கவலை, பீலியையும் வடிகாலையும் வாரந்தோறும் பாருங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். மூன்று கவலைக்கும் மருந்து உண்டு. மூடிய முற்றத்துக்கு மருந்து இல்லை.

சிலர் கேட்கலாம்: இதற்கெல்லாம் அரசாங்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாகக் கண் வைப்பது 1815 மார்ச் 2-க்கு முந்தியவற்றின் மேல். அதாவது கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போன நாளுக்கு முந்தியவை. அதற்குப் பிந்தியதை வர்த்தமானியில் தனியே அறிவிக்க வேண்டும். நம் வரிசை வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. புறக்கோட்டை இளவரசர் வீதியில், இங்கிருந்து நடக்கும் தூரத்தில், பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து வீடு ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியாக இருந்தது, தபால் கந்தோராக இருந்தது. இடிந்து போகும் நிலையில் இருந்து மீட்டு 1982-இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். அந்த அதிர்ஷ்டம் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும். ஒரு தெருவுக்கே கிடைக்குமா? எல்லா வீட்டையும் நூதனசாலை ஆக்கினால் நாம் எங்கே சமைப்பது, எங்கே படுப்பது?

காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வீடுகள் அழகாகத் திருந்தின, விறாந்தைகள் மீண்டன. நல்லதுதான். ஆனால் காணி விலை ஏற ஏற வீட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வீடுகள் விடுதிகளாயின. சுவர் நிலைத்தது, சமையல் வாசம் போய்விட்டது. புதுச்சேரியில் வைசியாள் வீதியில் வேறு வழியில் போனார்கள். திண்ணையும் தூணும் கொண்ட தமிழ் வீடுகள். செலவில் ஒரு பங்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டம் தாங்கியது, மரபுரிமை காக்கும் இன்டாக் அமைப்பு வழிகாட்டியது, வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே இருந்தார். ஒரு வீட்டை மட்டும் பார்க்காமல் தெருவையே ஒன்றாகப் பார்த்தார்கள். நமக்கு வேண்டியது எது? காலியின் விலையா, புதுச்சேரியின் முறையா? நீங்களே சொல்லுங்கள்.

தொடர்மாடி கட்டுகிறவர் நாளைக்கு வருவார். "நாலு வீட்டுக்காரரும் சேர்ந்து காணியைத் தாருங்கள், ஆளுக்கு ஒரு பிளட் தருகிறோம்" என்பார். அவர் வருவதற்கு முன் அந்த நாலு வீட்டுக்காரரும் தாங்களாகவே ஒருமுறை கூடிப் பேசினால் என்ன? அவருக்காகக் கூட முடியும் என்றால் நமக்காகக் கூட முடியாதா?

அதனால் இந்தச் சபையிடம் நான் கேட்பது மூன்றுதான். வரிசைக்கு ஒரு குழு அமையுங்கள். கூரையும் பீலியும் பங்குச் சுவரும் அந்தக் குழுவின் பொறுப்பு. மாதம் ஒரு சிறு தொகை சேருங்கள், மாரிக்கு முன்னர் எல்லா ஓட்டையும் ஒரே நாளில் பாருங்கள். இரண்டாவது, சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு இளைஞரை வேலைக்கு விடுங்கள். கதவோரம் நிற்கும் தம்பிமாரே, இது உங்களுக்குத்தான் சொன்னது! கொழும்பில் நாளைக்கு மதிப்பு ஏறப்போகும் தொழில் இது. மூன்றாவது, வீட்டுப் பிளான் வரைய வருகிறவரிடம், எத்தனை அறை என்று சொல்வதற்கு முன்னர், வானம் தெரியும் இடத்தை முதலில் வரையச் சொல்லுங்கள். அதைச் சுற்றி அறைகளை வரையட்டும். அறை ஒன்று குறைந்தால் குறையட்டும். வெளிச்சமில்லாத ஐந்து அறையை விட வெளிச்சமுள்ள நான்கு அறை பெரிது.

வீடு நம்முடையது. திருத்தும் உரிமை நமக்கு உண்டு, பெருப்பிக்கும் தேவையும் உண்டு. அந்த உரிமையோடு பக்கத்து வீட்டுக்காரருக்கும் பேரப்பிள்ளைக்கும் காற்று விட்டுக் கொடுக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கட்டுங்கள், கூட்டுங்கள், உயர்த்துங்கள். முற்றத்தை மட்டும் மூடாதீர்கள்!